ஃபிரிட்ஜ் மேல் இருந்த போன்

ஆனந்த்ராஜின் மனைவி டெய்சி மஸ்கட்டுக்குப் போனதற்கு ஒரு புது போன்தான் காரணம் என்று சொன்னால் கேன்டீனில் யாரும் நம்பமாட்டார்கள். சம்பளம்தான் காரணம் என்பார்கள். நர்ஸிங் படித்தவர்கள் எல்லாரும் போகிறார்கள், இதில் என்ன அதிசயம் என்பார்கள். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை, அதனால் இருக்கும் என்று சிலர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஆனந்த்ராஜ் எதையும் மறுப்பதில்லை. போகட்டுமா என்று டெய்சி அவனிடம் கேட்டாள். அந்தக் கேள்வியை அவன் கேட்கவே இல்லை. கேட்டதாகப் பொய் சொன்னான். அந்தப் பொய் வெகுநாள் வரை அவனுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

பழைய போன் கல்யாணத்தின்போது டெய்சியின் அண்ணன் சேவியர்ராஜ் வாங்கிக் கொடுத்தது. முதலில் ஆனந்த்ராஜ் அதைச் சுரங்கத்துக்கு எடுத்துப் போனான். அவனுக்கு கன்வேயர் பிரிவில் வேலை. இரண்டே மாதத்தில் சார்ஜர் போடும் ஓட்டையில் நிலக்கரித் தூள் அடைத்துக்கொண்டது. டெய்சி ஊசியால் நோண்டிச் சுத்தம் செய்துவிட்டு, "இது வீட்டுலயே இருக்கட்டும். நீங்க பட்டன் போன் எடுத்துட்டுப் போங்க" என்றாள். மந்தாரக்குப்பத்தில் அவள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையிலும் அப்போது வார்டுக்குள் போன் கூடாது. ஆகவே அது குவார்ட்டர்ஸிலேயே, ஃபிரிட்ஜ் மேல் விரித்திருந்த பூப்போட்ட துணியின் மீது தங்கிவிட்டது.

இரண்டு பேருக்கும் ஷிப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. இருவருடைய முறையும் ஒத்துப்போகும் வாரம் மாதத்தில் ஒன்று வந்தால் அதிகம். மற்ற நாட்களில் அவன் ஷூவைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். முதல் வருஷம் அப்படி ஒரு காலையில், இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன் பாதித் தூக்கத்தில் அவள் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான். என்ன சொன்னோம் என்றே அவனுக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது. எட்டு நாள் பேச்சு இல்லை. ஒன்பதாம் நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: போனில் ரெக்கார்டரைத் திறந்து கேட்கவும்.

திறந்தால் டெய்சியின் குரல். கோபம் பாதி, அழுகை பாதி. கடைசியில், ரசம் இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க என்று ஒரு வரி. அவன் கேட்டான். குளித்தான், சாப்பிட்டான், மறுபடி கேட்டான். பிறகு அதே போனை வாயருகே வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சொல்லக் கஷ்டமானதை எல்லாம் போனில் சொல்லிவைப்பார்கள். கூடவே ஒரு சட்டம் போட்டாள் டெய்சி: போனில் சொன்னதற்குப் போனில்தான் பதில், நேரில் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. நேரில் பேசினால் தூக்கமும் அவசரமும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன என்பது அவள் கட்சி. கஷ்டமானது மட்டும் இல்லை. வார்டில் ஒரு கிழவர் ஊசிக்குப் பயந்து தெலுங்கில் திட்டியதை நடித்துக் காட்டுவாள். கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பயிற்சி எடுப்பாள். அவன் வாசல் மாமரத்தில் கத்தும் குயிலைப் பதிந்துவைத்து, உன்னைத்தான் கூப்பிடுது என்பான். பால்காரர், கேஸ், கரண்ட் பில் எல்லாம் நடுநடுவே வரும். நாலு வருஷத்தில் முந்நூறுக்கு மேல் சேர்ந்திருக்கும்.

2017 டிசம்பரில் கேன்டீனில் எல்லாரும் போனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நெட் மலிந்துவிட்டது. பழைய போன்களால் அதோடு ஓட முடியவில்லை.

"ஏழு மாசத்துக்கு ஒருக்கா போன மாத்துறியே, எதிர்ல பேசறவனும் மாறிடுவானா?" என்று தமிழ்மாறனைக் கேட்டார் குஞ்சிதபாதம். வடலூர்க்காரர். ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது.

தமிழ்மாறன் ஒப்பந்தத் தொழிலாளி. தவணையில் போன் வாங்கி, அந்தத் தவணை முடியும் முன்பே அடுத்ததைப் பார்க்கிறவன். "பேசறதுக்கா அண்ணே போனு?"

"பின்ன எதுக்கு, மொகம் மழிக்கவா?"

"நீங்க பேட்டரியக் கழட்டி வெயில்ல காய வெச்சி எடுத்துப் போடறீங்க. வடகமாண்ணே அது?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். குஞ்சிதபாதமும் சிரித்துவிட்டு, "பத்து வருஷமா இருக்குது. கீழ வுழுந்தா தொடச்சிக்கினு பேசறேன். ஒன்னுது வுழுந்தா நீ குந்திக்கினு அழுவுற" என்றார்.

தமிழ்மாறன் ஆனந்த்ராஜ் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கண்ணே. வூட்ல ஒண்ணு வெச்சிருக்கீங்களே, வாட்ஸ்அப்பத் தொட்டுட்டு டீ சொன்னா டீ வந்துடும், அது வராது. பழசக் குடுத்துட்டு ரெண்டா வாங்குங்க. அண்ணிக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. மந்தாரக்குப்பத்துல கிறிஸ்மஸ் ஆபர் நாளைக்கோட முடியுது. மைன்ஸ்ல இருந்து மேல ஏறி வந்ததும் ஒரு வீடியோ கால் போட்டீங்கன்னா அண்ணி மொகம் தெரியும்."

மற்றது எதுவும் ஆனந்த்ராஜ் மனதில் ஏறவில்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல், மெமரி எத்தனை ஜிபி என்று தமிழ்மாறன் ஒப்பித்தது எல்லாம் காற்றோடு போயிற்று. முகம் தெரியும் என்பது மட்டும் நின்றது. அந்த மாதம் அவன் டெய்சியின் முகத்தை விழித்திருந்து பார்த்தது ஐந்து நாளோ ஆறு நாளோதான்.

மறுநாள் காலை இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது டெய்சி கிளம்பிவிட்டிருந்தாள். சமையலறையில் இரண்டு பாத்திரங்களில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. ஃபிரிட்ஜ் மேல் போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கவிழ்த்து வைத்தால் புதுப்பதிவு இருக்கிறது என்று அர்த்தம். எடுத்துப் பார்த்தான். காலை ஐந்து நாற்பதுக்குப் பதிந்தது. மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடும். கேட்கலாம் என்று நினைக்கும்போதே வாசலில் தமிழ்மாறன் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்தான்.

ஆனந்த்ராஜ் போனின் பின்மூடியைத் திறந்து மெமரி கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். படம், பாட்டு, பேச்சு எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று நினைத்தான். வந்து புதுப் போனில் போட்டு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆபருக்காகக் காலையிலேயே திறந்திருந்த கடையில் ஒரு பெண் பழைய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லாம் எடுத்துட்டீங்களா சார்? அழிச்சிடுவேன், அப்புறம் வராது."

"எடுத்தாச்சும்மா."

அவள் இரண்டு மூன்று இடத்தில் தொட்டாள். திரை கறுத்து, பிறகு முதன்முதலாக வாங்கிய அன்று போல வெள்ளையாக வந்து, வணக்கம் சொன்னது.

இரண்டு புதுப் போன்களோடு வீட்டுக்கு வந்து தூங்கி, இரண்டு மணிக்கு எழுந்தான். கார்டைத் தன் புதுப் போனில் போட்டான். கல்யாணப் படங்கள் இருந்தன. வேளாங்கண்ணி போன படங்கள் இருந்தன. பாட்டுகள் இருந்தன. டெய்சியின் குரல் ஒன்றுகூட இல்லை. பேச்சு முழுவதும் போனுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது, கார்டுக்கு வரவே இல்லை என்று புரிய அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கடைக்கு ஓடலாமா என்று எழுந்தான். வெள்ளைத் திரை நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டான்.

டெய்சி மூன்று மணிக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் அவள் பார்வை நேராக ஃபிரிட்ஜ் மேல் போயிற்று.

"பழசு எங்க?"

அவன் அவளுக்கு வாங்கிய போன் பெட்டியை நீட்டினான். "எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேன். பிரிச்சுப் பாரு. ஹேப்பி கிறிஸ்மஸ்."

அவள் பெட்டியை வாங்கினாள். பிரிக்கவில்லை. "அதுல இருந்ததெல்லாம்?"

"கார்டுல எடுத்துட்டேன்."

"காலைல நான் வெச்சது?"

"அதுவும்தான்."

"கேட்டீங்களா?"

கேஸ் புக் பண்ணச் சொல்லியிருப்பாள். அல்லது கோயில் கேரல் குழு வீட்டுக்கு வரும் நாளைச் சொல்லியிருப்பாள். நாளைக்கு எப்படியாவது விசாரித்துக்கொள்ளலாம். நாலு வருஷக் குரலைத் தொலைத்துவிட்டேன் என்று பண்டிகைச் சமயத்தில், புதுப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, எப்படிச் சொல்வது? "கேட்டேன்" என்றான்.

டெய்சி காத்திருந்தாள். சட்டப்படி நேரில் கேட்கக் கூடாது. ஆனால் பதில் சொல்ல இப்போது போன் இல்லை. "ஒண்ணும் சொல்லலையே" என்றாள் மெதுவாக.

"அதான் வாங்கிட்டு வந்துட்டேனே. இனிமே நீ எங்க இருந்தாலும் மூஞ்சியப் பார்த்துப் பேசிக்கலாம்."

அவள் கொஞ்ச நேரம் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போனாள். சற்று நேரத்தில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக மாவு ஆட்டுகிறாளே, போன் பிடித்துப்போயிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஜனவரி நடுவில் ஒரு நாள். அவனுக்கு மதிய ஷிப்ட். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது டெய்சி வந்தாள்.

"அடுத்த மாசம் இருபதாம் தேதி டிக்கெட் போட்டிருக்காங்களாம்."

"எங்க?"

"விளையாடாதீங்க. மஸ்கட்டுக்குத்தான்."

ஆறு மாதத்துக்கு முன் அவள் கல்ஃப் வேலைக்கான தேர்வைச் சும்மா எழுதிப் பார்த்ததும், பாஸ் ஆனதும் அவனுக்குத் தெரியும். மஸ்கட்காரி என்று கேலிகூடச் செய்திருந்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான்.

டெய்சி அவனையே பார்த்தாள். "போன்ல கேட்டேனே. கிறிஸ்மஸுக்கு முன்னாடி. வேலை வந்திருக்கு, போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னா போகலன்னேன். நீங்க கேட்டேன்னு சொன்னீங்க. எங்க இருந்தாலும் மூஞ்சியப் பார்த்துப் பேசலாம்னு புது போனைக் குடுத்தீங்க." அவள் குரல் இறங்கியது. "விடமாட்டீங்கன்னுதான் நான் நினைச்சிருந்தேன். இன்னைக்கு வேலையை விடுறதா எழுதிக் குடுத்துட்டு வரேன்."

அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை, பொய் சொன்னேன் என்று ஐந்தாறு வார்த்தை. தெருமுனையில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. அதைக் காரணமாக வைத்துக்கொண்டு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.

மறுநாள் கடைக்குப் போனான். "எக்ஸ்சேஞ்ச் போனெல்லாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சென்னைக்கு மூட்டையாப் போயிடும் சார்" என்றாள் அந்தப் பெண். "போன் கெடைச்சாலும் உள்ள ஒண்ணும் இருக்காது. நான்தான் உங்களக் கேட்டேனே."

கேட்டது உண்மைதான். அவனைத்தான் எல்லாரும் கேட்டார்கள்.

அந்த வாரமே சேவியர்ராஜ் வந்து தங்கையின் பெட்டிக்கு எடை பார்த்தான். ஆனந்த்ராஜின் அம்மா அன்னாள் திருவதிகையிலிருந்து வந்து, மருமகளை முத்தமிட்டு, ரெண்டு வருஷம் கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள போயிடும் என்றாள். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்க்கு எடை கூட்டியது. முதல் நாள் அது ஒரு சின்னப் பொய். பிப்ரவரியில் அதைச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். சென்னை விமான நிலையத்தில் டெய்சி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு, ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவன் கையை ஆட்டினான்.

மஸ்கட் போய்ச் சேர்ந்த அன்றுதான் இன்னொன்று தெரிந்தது. அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம். ஆனால் அழைத்துப் பேச முடியாது. வீடியோ கால் கிடையாது. முகத்தைப் பார்ப்பதற்கென்றே வாங்கிய போனில் முகம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அவள் சாதாரண அழைப்பில் ஏழெட்டு நிமிஷம் பேசுவாள். மற்ற நாட்களில் எழுத்துதான். சாப்டீங்களா. சாப்டேன். நீ? ஆச்சு. ஒரு கட்டைவிரல் படம். அவள் ஆரம்பத்தில் இரண்டு முறை குரல் பதிந்து அனுப்பினாள். அவன் எழுத்திலேயே பதில் போட்டான். குரல் பதிய அந்த மைக் படத்தைத் தொடும்போதெல்லாம் ஃபிரிட்ஜ் மேல் விரித்த துணி நினைவுக்கு வந்தது. பிறகு அவளும் நிறுத்திவிட்டாள்.

போன் நல்ல போன்தான். ஒரு நாளும் நின்றதில்லை, சூடானதில்லை. யாராவது கேட்டால் அவன் குறை சொல்லமாட்டான்.

அடுத்த டிசம்பர். குஞ்சிதபாதத்தின் பட்டன் போன் கடைசியில் உயிரை விட்டது. அதைக் கேன்டீன் மேஜை மேல் வைத்துக்கொண்டு, "என் சம்சாரம் கஸ்தூரி நம்பர் இதுலதான் கீது. எனக்கு மனப்பாடமா தெரியாது. வூட்டுக்குப் போயி அவளையே கேக்கணும். 'முப்பது வருஷம் குடும்பம் நடத்திக்கினு, நம்பர் தெரியாதா'ன்னு கொல்லப்போறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"தெரியாதுன்னு சொல்லிடுவீங்களாண்ணே?" என்று கேட்டான் ஆனந்த்ராஜ்.

"தெரியலன்னா தெரியலன்னுதானே சொல்லணும்? திட்டுவா. திட்டிக்கினே சொல்லுவா."

அன்று மாலை ஆனந்த்ராஜ் வீட்டில், மாமரத்தடியில் நின்றுகொண்டு மைக் படத்தை அழுத்தினான். "டெய்சி, அந்தப் பழைய போன்ல கடைசியா நீ வெச்சதை நான் கேக்கல. கேட்டேன்னு பொய் சொன்னேன். கார்டுல ஒண்ணுமே வரல, எல்லாம் போயிடுச்சு. நீ என்னமோ கேஸ் பத்திச் சொல்லியிருப்பேன்னு நினைச்சேன். கேட்டிருந்தா விட்டிருக்கமாட்டேன். அன்னைக்கு நீ என்ன பேசினேன்னு முழுசா எனக்குத் தெரியணும்." யோசித்தால் அழித்துவிடுவோம் என்று பயந்து உடனே அனுப்பினான்.

அவள் கேட்டுவிட்டாள் என்று மைக் நீலமாகிக் காட்டியது. பதில் இல்லை. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும்வரை பதில் இல்லை.

இரண்டு மணிக்குச் சுரங்கத்திலிருந்து மேலே வந்து, பஸ் நிறுத்தத்தில் போனைத் திறந்தபோது அவள் குரல் வந்திருந்தது. மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடும். பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. ஓரமாக நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

"முழுசாக் கேக்கறீங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. வேலை வந்திருக்குன்னு சொன்னேன். சம்பளத்துக்காக எனக்குப் போகணும்னு இல்ல, இங்கயும் நாம சேர்ந்து இல்லையே, அதான் குழப்பமா இருக்குன்னு சொன்னேன். போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன்னேன். கடைசியா, அரிசி ஊற வெச்சிருக்கேன், எழுந்ததும் கிரைண்டர்ல போட்டுடுங்கன்னு சொன்னேன்."

 அவள் பக்கம் தூரத்தில் யாரோ வண்டி தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் வந்து பாக்கறேன், அரிசி அப்படியே இருக்கு. நீங்க என்கிட்டக் கோவமா இருந்தாக்கூட நான் சொல்லிவெச்ச வேலையைச் செய்யாம இருந்ததில்ல. நாலு வருஷத்துல ஒரு நாள்கூட. அரிசியப் பார்த்ததுமே இவர் கேக்கலன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுதான் இருந்துச்சோ என்னமோ. அந்தக் கடுப்புல நானே ஆட்டினேன். ஒரு தடவை வெளிய வந்து, நேரா உங்க மூஞ்சியப் பார்த்துக் கேட்டிருக்கலாம். சட்டம் போட்டவ நான். அதைத் தாண்ட எனக்கு ரோஷம்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அந்த வார்த்தையை இப்பச் சொல்லாதீங்க. டூட்டில இருக்கேன், அழக் கூடாது. மார்ச்ல ஒரு மாசம் லீவு குடுப்பாங்க. வந்ததும் நேர்ல சொல்லுங்க. சொன்னாலும் நான் திரும்பி இங்க வந்துதான் ஆகணும், இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டிருக்கேன். இருந்தாலும் சொல்லுங்க."

அவன் மறுபடி முதலிலிருந்து கேட்டான். முதல்முறை கேட்டபோது டெய்சியின் குரல் மாறியிருப்பது போலத் தோன்றியது. இரண்டாம் முறைதான் அது களைப்பு என்று தெரிந்தது.

பின்னாலிருந்து தமிழ்மாறன் பைக்கில் வந்து நின்றான். "பஸ்ஸ வுட்டுட்டீங்களாண்ணே? ஏறுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அதே கடையில இந்தக் கிறிஸ்மஸுக்கும் எக்ஸ்சேஞ்ச் போட்டிருக்கான். உங்க போனுக்கு ஒரு வருஷந்தான் ஆவுது, நல்ல வெல வரும்."

"இது இருக்கட்டும்பா."

"புதுசுல கேமரா..."

"இருக்கட்டும். நீ போ, நான் அடுத்த பஸ்ல வரேன்."

தமிழ்மாறன் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

நிலக்கரி லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. ஆனந்த்ராஜ் புழுதி அடங்கும்வரை போனைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டான். பிறகு எடுத்து, மைக் படத்தை அழுத்தினான். வேறு எதையும் சொல்லும் உரிமை இப்போது அவனுக்கு இல்லை.

"கேட்டேன், டெய்சி" என்றான். "ரெண்டு தடவை கேட்டேன்."